அழுத்திடாதீங்க

தொண்ணூற்று நாலாம் நம்பர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் காலையிலிருந்தே கையிலிருந்த தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். ஜெயித்து நாலு மாசம் ஆகிறது. பதவி ஏற்றாகிவிட்டது, அடையாள அட்டையும் கொடுத்துவிட்டார்கள். அந்த அட்டையில் இருக்கிற போட்டோவில்கூட இவளை யாரோ அதட்டின மாதிரித்தான் இருக்கிறது. சட்டசபை வாசலில் காவலர் வணக்கம் வைத்தால் நமக்காக இருக்காது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிற ரகம். அப்பேர்ப்பட்டவள் இன்றைக்கு ஒரு மசோதாவுக்குத் திருத்தம் கொண்டு வருகிறாள். அதுவும் ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே, ஆளுங்கட்சி கொண்டுவந்த மசோதாவுக்கு. தைரியம்தான், இல்லையா? தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

அரசியலுக்கு வருவதற்கு முன்னால் பதினாலு வருஷம் அவள் தன் ஊர் அவசர அழைப்பு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். யாருக்காவது மாரடைப்பு, யாராவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்றால் முதலில் ஊர் கேட்கிற குரல் இவளுடையதுதான். எதிர்முனையில் அலறுவார்கள், அழுவார்கள், விலாசம் சொல்ல வராது. "பச்சை கேட்டு, பக்கத்துல உடைஞ்ச மதில்" என்பார்கள். அது போதும் இவளுக்கு. வண்டி கிளம்பிவிடும். இந்த மாதிரி அறைகள் மொத்தம் பதினொன்று, பதினோரு ஊர்களில். அத்தனையையும் இழுத்து மூடி, தலைநகரில் ஒரே பெரிய அறையாக்கப் போகிறோம் என்பதுதான் மசோதா.

போன வருஷமே இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் பேக்கரிக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி "மேட்டுத்தெரு" என்றாள். தலைநகரில் உட்கார்ந்திருந்தவர் பாவம், கம்ப்யூட்டரில் முதலில் வந்த மேட்டுத்தெருவுக்கு வண்டியை அனுப்பிவிட்டார். அது இன்னொரு ஊர் மேட்டுத்தெரு. சரியான வண்டி வந்து சேர்ந்தபோது பேக்கரிக்காரர் போய்விட்டிருந்தார். அந்த ஆத்திரத்தில்தான் இவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்தலில் நின்றாள். ஊரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டது. அந்த அறையில் இப்போது இவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இவள் கூடப்பிறந்த தங்கச்சி. மசோதா இப்படியே நிறைவேறினால் வருகிற ஒண்ணாம் தேதி அறைக்குப் பூட்டு.

இவள் கொடுத்திருந்த திருத்தம் ஒரே வரி. பதினோரு அறைகளும் இன்னும் ஓராண்டு தொடர்ந்து இயங்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் தெருப்பெயர்க் குழப்பத்தையெல்லாம் சரிபண்ணிவிட்டு அப்புறம் மூடுவதானால் மூடிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதற்குத்தான் இன்று எழுந்து நிற்க வேண்டும், பேச வேண்டும்.

பேச்சு என்றதும் அவளுக்கு ஏன் இந்த உதறல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சபையில் அவளுடைய முதல் பேச்சுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஒரு பக்கத்தையும் விடவில்லை, எல்லாவற்றையும் படித்தாள், மூச்சு மட்டும் விடவில்லை. சுருக்கெழுத்து எழுதுகிற அம்மாள் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். போதாததற்கு, மைக் விளக்கு எரிகிறதா எரியவில்லையா என்ற பயத்தில் இருக்கைக்கு முன்னால் இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு தடவை அழுத்தினால் மைக் திறக்கும், இன்னொரு தடவை அழுத்தினால் மூடும். அதனால் பேச்சு ஒரு வரி கேட்டது, ஒரு வரி கேட்கவில்லை. மறுநாள் பேப்பரில் "எக்ஸ்பிரஸ் அக்கா" என்று தலைப்பு. அன்றிலிருந்து சபைக்குள் அதுதான் பேர். கேன்டீன்காரர்வரை.

இரண்டாவது தடவை கேள்வி நேரம். துணைக்கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது. எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். சபாநாயகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கேள்வி எங்க?" என்றார்.

இவள் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். "அடுத்த பக்கத்துல இருக்குங்க."

சபையே உருண்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசம் இல்லாமல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் முன்னால் உட்கார்ந்திருக்கிற வக்கீல், எழுபது வயது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பதினாலு வருஷம் ஊரையே அமைதிப்படுத்தின குரல் தன்னை ஒரு நிமிஷம் அமைதிப்படுத்த மாட்டேன் என்கிறதே என்று அவளுக்கு அப்படி ஒரு அவமானம்.

இப்போது மூன்றாவது தடவை. இந்தத் தடவை சிரித்தால் சிரிப்போடு போகாது. ஊரின் உயிர் போகும்.

போன வாரம் கட்சிக் கொறடா அவளைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினார். கொறடா என்றால் கட்சிக்காரர்கள் எல்லாரும் சொன்னபடி ஓட்டுப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்கிறவர். இரண்டு கையிலும் இரண்டு போன் வைத்திருப்பார். ஒன்று காதில் இருக்கும், இன்னொன்று அடித்துக்கொண்டிருக்கும்.

"இந்தாம்மா, உன் திருத்தத்தைப் பத்தி அமைச்சர்கிட்ட பேசிட்டேன்," என்றார். "உன் வழிக்கே வந்துட்டாரு. சட்டத்துல எழுத முடியாது, ஆனா பதில் பேசும்போது ஒரு வருஷம் அறைங்க இருக்கும்னு சபையிலயே வாக்குறுதி குடுத்துடுவாரு. சபையில குடுத்த வாக்குறுதி சட்டம் மாதிரிதான், அதுலேருந்து அவர் நழுவ முடியாது. அவருக்கும் கௌரவம், உனக்கும் காரியம்."

அவளுக்குக் காலில் விழலாம் போல இருந்தது. "ரொம்ப நன்றிண்ணே!"

"இரு, இரு. ஒண்ணே ஒண்ணு. நல்லாப் பேசு, எவ்வளவு வேணும்னாலும் பேசு. ஆனா கடைசியில மட்டும் அழுத்திடாதே. புரியுதா? அழுத்தினா எல்லாம் போச்சு."

"அழுத்த மாட்டேண்ணே. கைய வெக்கவே மாட்டேன்."

கைய வைக்கிறதா, என்ன சொல்கிறாள் இவள் என்று கொறடா நெற்றியைச் சுருக்கினார். அதற்குள் இன்னொரு போன் அடித்தது. "ஆங், சொல்லுங்க, சொல்லுங்க," என்றபடியே நகர்ந்துவிட்டார். அந்தப் போன் மட்டும் ஒரு நிமிஷம் கழித்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விஷயம் என்னவென்றால், அந்தச் சபையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை ஒன்று இருக்கிறது. ஒரு உறுப்பினர் தன் திருத்தத்தைக் கைவிடாமல், ஓட்டுக்கு விட்டே ஆகவேண்டும் என்று நிற்பதற்கு அவர்கள் பாஷையில் "அழுத்துவது" என்று பேர். நாலு மாசக்காரிக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த ஒரே அழுத்தல், மானத்தை வாங்கின அந்த மைக் பொத்தான்தான்.

வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. புருஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். இவள் வேகம் பிடித்தால் விசிலை ஊதுவார்.

"மறுபடியும் முதல்லேருந்து. மூச்சு விடு. ஏன், யாராவது துரத்தறாங்களா உன்னை?"

"விசில நிறுத்துங்க, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க? எம்.எல்.ஏ. வீட்டுல ஓட்டப்பந்தயம்னு நினைப்பாங்க."

பேச்சை அவளே எழுதினாள். நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேச்சுகளையெல்லாம் படித்தாள். நல்லாப் பேசியவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தையை விடாமல் போட்டிருந்தார்கள்: வலியுறுத்துகிறேன். "நடவடிக்கை எடுக்க வேண்டும் என வலியுறுத்துகிறேன்." "உடனே ஆவன செய்ய வலியுறுத்துகிறேன்." கேட்கவே கம்பீரமாக இருந்தது. கெஞ்சுவது போலவும் இல்லை, சண்டை போடுவது போலவும் இல்லை. இவளும் போட்டாள். எண்ணிப் பார்த்தால் பதினோரு இடம். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று என்று புருஷன் கிண்டல் பண்ணினார்.

இதோ, சபாநாயகர் கூப்பிட்டுவிட்டார்.

எழுந்தாள். பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, கையை எடுத்துவிட்டாள். எதிர் வரிசையில் யாரோ கையை ரயில் மாதிரி ஆட்டிக் காட்டினார். பக்கத்து இருக்கைக்காரர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், இரண்டாவது தடவை ஜெயித்தவர், "மெதுவா, மெதுவா," என்று முணுமுணுத்தார்.

மெதுவாகத்தான் பேசினாள். அவளே எதிர்பார்க்கவில்லை. முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி பேக்கரிக்காரரைப் பற்றியது. அவர் மனைவி இரண்டாம் தடவை போன் பண்ணி, "இன்னும் வரலியே, இன்னும் வரலியே," என்று சொன்னதைச் சொன்னாள். மூன்றாம் தடவை அந்த அம்மாள் போன் பண்ணவே இல்லை என்று சொன்னாள். ரயில் ஓட்டினவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வலியுறுத்துகிறேனும் வந்து விழ வேண்டிய இடத்தில் வந்து விழுந்தது. ஒன்பது நிமிஷம் நாற்பது வினாடி. உட்கார்ந்தபோது ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது, எதிர்க்கட்சியிலும் நாலைந்து பேர் தட்டினார்கள்.

"அசத்திட்டேம்மா," என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. சந்தோஷமா, பயமா, தெரியவில்லை. ஆனால் இன்னும் முடியவில்லையே! இனிமேல்தான் அந்தக் கடைசி. அழுத்தக் கூடாது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்படியும் நம்பிக்கை வராமல் இடது கையையும் வைத்துக்கொண்டாள். அமைச்சர் எழுந்து பேச ஆரம்பித்திருந்தார். இவள் கண் பொத்தானைவிட்டு நகரவே இல்லை. எதிர்முனையில் ஒரு குழாய் சொட்டினால்கூடக் கேட்டு, ஆள் அடுப்படியில் கிடக்கிறார் என்று சொல்லிவிடுகிறவள், அன்றைக்குப் பத்தடி தள்ளி நின்று பேசிய மனுஷனின் ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை.

அந்த வாக்கியம் இதுதான்: "மாண்புமிகு உறுப்பினர் தமது திருத்தத்தை வலியுறுத்தாத பட்சத்தில், பதினோரு அறைகளும் ஓராண்டு காலம் தொடர்ந்து இயங்கும் என இந்த அவைக்கு உறுதியளிக்கிறேன்."

அவள் காதில் "ஓராண்டு" மட்டும் விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. வந்துவிட்டது! ஒரு வருஷம் வந்துவிட்டது! இனி பொத்தானைத் தொடாமல் இருந்தால் போதும்.

சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இவள் பக்கம் திரும்பினார். "உறுப்பினர் தமது திருத்தத்தை வலியுறுத்துகிறாரா?"

இவள் தொடாமலே இவள் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. சபாநாயகர் ஒருவரைக் கேள்வி கேட்டால் அவருக்குக் கீழே இருக்கிற அலுவலர் மேசையிலிருந்தே மைக்கைத் திறந்துவிடுவார்கள், பேசி முடித்தால் மூடிவிடுவார்கள். அழுத்த வேண்டியதே இல்லை, என்ன நல்ல ஏற்பாடு என்று இவள் நினைத்தாள். எழுந்தாள். வலியுறுத்துகிறாயா என்று கேட்கிறார்! பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் என்ன சந்தேகம்? நிமிர்ந்து நின்று, புருஷன் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார், அவ்வளவு தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஆம், தலைவர் அவர்களே. வலியுறுத்துகிறேன்."

எதிர்க்கட்சி வரிசையில் மேசைகள் இடிந்து விழுகிற மாதிரித் தட்டினார்கள். "ஓட்டுக்கு விடுங்க! ஓட்டுக்கு விடுங்க!" வக்கீல் எழுந்து நின்றே தட்டினார். அமைச்சர் முகம் கறுத்தது. கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்த கொறடா இரண்டு போனையும் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

கோழிப்பண்ணைக்காரர் இவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "அடிப்பாவி, அழுத்திட்டியேம்மா!"

"இல்லைங்க, நான் தொடவே இல்லை, சத்தியமா!"

"எதைத் தொடலை? வலியுறுத்தறேன்னு சொன்னியே, அதுதான் அழுத்தறது! ஓட்டுக்கு விட்டாகணும்னு அர்த்தம். நம்ம ஆளுங்க எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லியாகணும், நீ தோத்துடுவே. சபையே வேண்டாம்னு தள்ளின பிறகு அமைச்சர் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் தருவாரு? போச்சு, எல்லாம் போச்சு!"

அவள் காதுக்குள் பேக்கரிக்காரர் மனைவியின் குரல் கேட்டது. ஊர் முழுக்க டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும். தங்கச்சி பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் வந்த ஒரு வருஷத்தை நானே தூக்கிக் குப்பையில் போட்டேனே, என் வாயால், அதுவும் கம்பீரமாக! செத்துப்போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

மேடையில் சபாநாயகர் அடுத்த தாளை எடுத்துவிட்டார். "திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது. ஏற்போர்..."

"ஐயா, இருங்க!" என்றாள் இவள். மைக்கில் விளக்கு அணைந்திருந்தது. குரல் முன்வரிசையைக்கூடத் தாண்டவில்லை. வாக்கெடுப்பு ஆரம்பித்த பிறகு எவரும் வாயைத் திறக்கக் கூடாது, அந்த விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது அந்த ஒரு வார்த்தைதான்.

"ஏற்போர் ஆம் என்க..."

"நிறுத்துங்க!"

இது வேறு குரல். பக்கத்தில் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அலறுகிற தாயை, அலறலை நிறுத்திவிட்டுக் குழந்தையின் வாயைத் திறக்க வைக்கிற குரல். பதினாலு வருஷம் பழகின குரல். மைக் இல்லாமலே அது பார்வையாளர் மாடம்வரை போனது. ஆம் என்று சொல்ல வாயெடுத்த எதிர்க்கட்சிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சபாநாயகரே ஒரு வினாடி தாளைக் கீழே இறக்கினார்.

"உறுப்பினர் உட்காரணும்," என்றார் கோபமாக. "வாக்கெடுப்பு நடக்குது."

"உட்கார்ந்துடறேன் ஐயா. ஒரு வார்த்தை. நான் சொன்னது தப்பு, திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்கறேன். எனக்கு..." இந்த இடத்தில் நிறுத்தினாள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். சரியாகக் காதில் விழவில்லை என்று பூசி மெழுகலாம். கோழிப்பண்ணைக்காரர்கூட அதைத்தான் முணுமுணுத்தார், "காது கேக்கலைன்னு சொல்லு, காது கேக்கலைன்னு சொல்லு." ஆனால் அவள் சொன்ன பதில் அத்தனை தெளிவாக இருந்தது. காது கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் வக்கீல் விடுவாரா? "வலியுறுத்துகிறேன்னா ஓட்டுக்கு விடணும்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமத்தான் சொல்லிட்டேன். பேச்சு நல்லா இருக்குமேன்னு பதினோரு இடத்துல எழுதினேன். அர்த்தம் தெரியாது."

அவ்வளவுதான். கூரை பறந்தது. போன தடவை சிரித்தது ஒன்றுமே இல்லை. சொந்தக் கட்சி வரிசையில்தான் சிரிப்பு அதிகம். ரயில்காரர் பெஞ்சில் சரிந்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் மாடத்தில் பேனாக்கள் பறந்தன. காது மடல் இரண்டும் தீயாகச் சுட, அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் வாக்கெடுப்பு தொடரும் என்பதால் உட்காரவில்லை.

சபாநாயகர் மணியை அடித்து அடக்கினார். அவருக்கும் உதடு துடித்தது. "சரி. திரும்பப் பெறணும்னா அவை அனுமதிக்கணும். ஒரே ஒரு உறுப்பினர் ஆட்சேபிச்சாலும் அனுமதி கிடையாது, வாக்கெடுப்புதான். ஆட்சேபிக்கிறவங்க இருக்காங்களா?"

"இருக்கேன்," என்று வக்கீல் எழுந்தார்.

அவர் ஏன் விடுவார்? ஆளுங்கட்சி தன் உறுப்பினரின் திருத்தத்தையே தன் கையால் தோற்கடிக்கப் போகிறது. ஆம்புலன்ஸ் அறை வேண்டாம் என்று அத்தனை பேரும் வாய்விட்டுச் சொல்லப் போகிறார்கள். அடுத்த தேர்தல்வரை மேடைக்கு மேடை சொல்லிக் காட்டலாம். இதைவிட நல்ல சாப்பாடு அவருக்கு எங்கே கிடைக்கும்? "தலைவர் அவர்களே, ஒரு உறுப்பினருக்குத் தமிழ் தெரியலைங்கறதுக்காக அவை விதிய மாத்த முடியுமா?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

இவள் நேராக அவரைப் பார்த்தாள். "ஐயா, உங்க ஊர் அறையும் அந்தப் பதினொண்ணுல ஒண்ணு."

"உறுப்பினர் தலைவரைப் பார்த்துத்தான் பேசணும்!" என்றார் சபாநாயகர்.

உடனே அவர் பக்கம் திரும்பினாள். "தலைவர் அவர்களே, அவர் ஊர் அறையும் அந்தப் பதினொண்ணுல ஒண்ணு. அங்கயும் ஒரு மேட்டுத்தெரு இருக்கு. அந்தத் தெருவுலதான் அவர் வீடு. எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த ஊர் அறையில ஆள் இல்லாதப்போ அவங்க போனை நாங்கதான் எடுப்போம். தமிழ் தெரியாட்டியும் அது எனக்குத் தெரியும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் நின்றபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். இவள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு வரை எண்ணினாள்.

"எனக்கு ஒரு நிபந்தனை," என்றார் வக்கீல் கடைசியில். "அவங்க மானத்தைக் காப்பாத்தறதுக்காகத் தலைவர் இப்ப அந்தப் பேச்சைக் குறிப்பிலேருந்து நீக்கிடுவீங்க. நீக்கக் கூடாது. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதுன்னு உறுப்பினர் சொன்னது சொன்னபடியே அவைக் குறிப்புல அச்சாகணும். அப்படின்னா என் ஆட்சேபணைய விட்டுடறேன்."

சபாநாயகர் இவளைப் பார்த்தார், கொஞ்சம் இரக்கமாகவே. "உறுப்பினர் கேட்டுக்கிட்டா நான் நீக்க முடியும். நீக்காட்டி அது என்னைக்கும் இருக்கும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"இருக்கட்டுங்க," என்றாள்.

அனுமதி கிடைத்தது. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. அமைச்சர் அல்லவா இன்னும் வாயைத் திறக்கவில்லை? சட்டைப்பையில் போன தாள் போனதுதான். சபாநாயகர், "அமைச்சருடைய உறுதிமொழி நிற்குதா?" என்று கேட்டார். அமைச்சர் கொறடாவைப் பார்த்தார், கொறடா கூரையைப் பார்த்தார். அமைச்சர் மெள்ள எழுந்து, தாளை எடுத்து, பிரித்து, ரொம்பப் பிடிக்காத மருந்தைக் குடிக்கிற முகத்தோடு சொன்னார்: "நிற்கிறது. பதினோரு அறைகளும் ஓராண்டு."

சுருக்கெழுத்து அம்மாளின் பேனா அதை எழுதி முடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இவள் உட்கார்ந்தாள். கோழிப்பண்ணைக்காரர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். பாதி புடவையில் கொட்டியது.

மத்தியானம் சபை கலைந்தது. தாழ்வாரத்து டி.வி.யில் அதற்குள்ளாகவே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அர்த்தம் தெரியாது... அர்த்தம் தெரியாது..." கேன்டீன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் சட்டென்று பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டார். கொறடா எதிரே வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், போன் அடித்தது, போய்விட்டார். ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, தங்கச்சிக்குப் போன் போட்டாள். போடவே பயமாக இருந்தது.

"பாத்தியாடி?"

"பாத்தோம்க்கா. எல்லாரும் டி.வி. முன்னாலதான் இருந்தோம்."

"சிரிச்சீங்களா?"

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. விழுந்து விழுந்து சிரிச்சோம். நீ அந்தத் தாளுல பதினோரு இடத்துல எழுதினேன்னு சொன்னே பாரு, அங்க டிரைவருக்குப் புரையேறிடுச்சு. இனிமே ஊருக்குள்ள உன்னை விட மாட்டாங்க, ஓட்டியே எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்," என்றாள் இவள். சிரிக்க முயன்றாள், குரல் உடைந்தது. "அப்புறம்?"

"அப்புறம் பெட்டிங்களைப் பிரிச்சோம்."

"எந்தப் பெட்டி?"

எதிர்முனையில் பெட்டி டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமையே எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டோம்க்கா. போன், மேப்பு, நாற்காலி எல்லாம். லாரிகூடச் சொல்லியாச்சு." தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "நீ பேசி ஒண்ணும் ஆகப் போறதில்லைன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். உங்கிட்ட சொன்னா ரொம்பப் பயப்படுவேன்னு சொல்லலை."